400 அடி எல்லை ஆர்சி விமானக்காரனுக்கு எங்கே கடிக்கிறது?

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ரொறன்ரோவில் இருக்கும் மாமா இரண்டு மீற்றர் சிறகுள்ள ஆர்சி (றிமோட்டால் ஓட்டும்) கிளைடர், அதாவது காற்றில் மிதக்கும் விமானம் ஒன்று அனுப்பப் போகிறார், யூடியூப்பில் எல்லோரும் 400 அடிக்கு மேலே போகாதே என்கிறார்கள், ஆனால் அதே ஆட்கள் கிளைடரைப் புள்ளியாகத் தெரியும் வரைக்கும் ஏற்றுகிறார்கள், இந்த எல்லையால் சும்மா பொழுதுபோக்குக்கு ஓட்டுபவனுக்கு உண்மையில் என்ன பாதிப்பு, யாழ்ப்பாணத்தில் இதை எப்படிப் பார்ப்பது?

நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது தம்பி. றிஜிபோம் தட்டில் வெட்டிச் செய்த ட்ரெய்னர் (பழகு விமானம்) ஓட்டும் பெடியனுக்கு அப்படி ஒரு எல்லை இருப்பதே அநேகமாகத் தெரியவராது. கிளைடர்காரனுக்கு அது விளையாட்டின் பாதியைப் பிடுங்கிவிடும். பெரிய ஏரோபற்றிக்ஸ் (வித்தை காட்டும்) விமானமோ ஜெற்றோ வைத்திருப்பவனால் அதற்குள் ஒழுங்காக ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு வரப்போவது கிளைடர் என்றபடியால் அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதுகிறேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், யாழ்ப்பாணத்தில் உயரம் என்பது இரண்டாவது கேள்விதான், முதல் கேள்வி இடம். அதற்குப் பிறகு வருவோம்.

இந்த 400 எங்கிருந்து வந்தது என்று கனபேர் யோசிப்பதில்லை. ஆள் ஏறிய விமானம் கண்பார்வையை நம்பிப் பறக்கும்போது, ஏறுவது இறங்குவது தவிர, வெளியான இடங்களில் தரைக்கோ தண்ணீருக்கோ 500 அடிக்குக் கிட்ட வரக்கூடாது, ஊர்மனைக்கு மேலே என்றால் 1000 அடி வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த 500க்குக் கீழே 100 அடி இடைவெளி விட்டால் 400. மீற்றரில் 122, பல நாடுகள் அதை 120 என்று வைத்துக்கொண்டன. அமெரிக்காவில் எஃப்ஏஏ என்ற விமானத்துறை நிர்வாகம் 1981ல் மொடல் விமானக்காரருக்கு ஒரு சுற்றறிக்கை விட்டு, 400 அடிக்கு மேலே போகாமல் இருங்கள் என்று கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதுதான், கட்டளை இல்லை. சங்கங்கள் தங்களுக்கென்று ஒழுங்கு வைத்திருந்தன, ஆள் ஏறிய விமானம் ஒன்று கண்ணில் பட்டால் உடனே கீழே கொண்டுவருவார்கள், அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் போனது. பிறகு கடைக்குக் கடை ட்ரோன் வந்தது. 2018ல் அமெரிக்கச் சட்டத்தில் அந்த 400 கட்டாயமானது. கனடாவில் 2019 ஜூன் முதல் 122 மீற்றர். ஐரோப்பாவில் 2020 கடைசியில் இருந்து 120 மீற்றர். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளில் பச்சை வலயம் என்று சொல்லும் இடங்களில் 400 அடி.

என் எரிச்சல் இந்த இடத்தில்தான். எண்ணில் பிழை இல்லை, ஆனால் அதை எழுதியவர்களின் மனதில் இருந்தது நாலு விசிறி வைத்த ட்ரோன். ட்ரோனை எந்த உயரத்திலும் நிறுத்தி வைக்கலாம், கையை எடுத்தால் அங்கேயே நிற்கும், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே டிஜேஐ மாதிரிக் கம்பனிகளின் ட்ரோன்களில் 120 மீற்றர் என்று எல்லை போட்டிருக்கும், கூட்டிக் குறைக்க ஒரு செற்றிங் இருக்கும். சிறகு வைத்த விமானம் நிற்காது. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், திரும்பும்போது உயரம் கூடும் குறையும், லூப் (செங்குத்து வட்டம்) போட்டால் மேலே போய்த்தான் வர வேண்டும். அதைவிட முக்கியமானது, விமானக்காரனுக்கு உயரம்தான் பாதுகாப்பு. ஸ்டோல் ஆகி, அதாவது வேகம் குறைந்து சிறகு தாங்காமல் சரிந்தாலோ, ஸ்பின்னில் சுழன்று விழுந்தாலோ திருத்தி எடுக்க இருபது முப்பது மீற்றர் போய்விடும், புதிதாகப் பழகுபவனுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் பழக்குபவர்கள் எல்லோரும் முதல் நாளே சொல்வது மேலே ஏத்து, ஏத்தி வைத்துக்கொண்டு திருப்பு என்பதைத்தான். எங்கள் ஊரில் கீழேயும் இடம் இல்லை. வளர்ந்த பனை 30 மீற்றர் வரைக்கும் வரும், அதற்கு மேல் பத்து மீற்றராவது விட வேண்டும். ஆக, பழகுபவனுக்கு மிஞ்சுவது 40 மீற்றரிலிருந்து 120 மீற்றர் வரையுள்ள ஒரு பட்டைதான். அதற்குள் தாராளமாகப் பழகலாம், நான் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எல்லையை இன்னும் குறைத்து 50 மீற்றர் என்று யாராவது கொண்டுவந்தால் அதனால் தரையில் நிற்கும் ஆட்களுக்குப் பாதுகாப்புக் கூடாது, குறையும். விமானம் பனங்கூடலுக்குள்ளும் றோட்டிலும்தான் விழும்.

சரி, 120 மீற்றரில் ஒரு விமானம் எப்படித் தெரியும்? 1.4 மீற்றர் சிறகுள்ள சாதாரண ட்ரெய்னர் ஒன்று தலைக்கு நேர்மேலே 120 மீற்றரில் நின்றால் முழு நிலவை விடச் சற்றே பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். அது நேர்மேலே. பக்கவாட்டில் தள்ளிப்போய் உங்களிலிருந்து 300 மீற்றர் தூரத்தில் நின்றால் நிலவில் பாதி. அந்த அளவில் மூக்கு எந்தப் பக்கம் வால் எந்தப் பக்கம் என்று பிடிப்பதே கஷ்டம், அதிலும் மத்தியான வெயிலில், வெள்ளை மேகத்துக்கு முன்னால் வெள்ளை போம். சிறிய விமானக்காரனுக்கு எல்லை இருப்பது தெரியவராது என்று சொன்னது இதனால்தான். சட்டம் தடுப்பதற்கு முன்னமே கண் தடுத்துவிடும். ஒரு மீற்றருக்குக் குறைந்த சிறகுள்ளதை ஓட்டுபவர்கள் தாங்களாகவே 60, 70 மீற்றருக்குள் நிற்பார்கள், அதற்கு மேலே போனால் பயம் வந்து கை தானாகத் திரும்பும்.

கிளைடர் அப்படியில்லை. இரண்டு மீற்றர் சிறகு, மெதுவான ஓட்டம், 250 மீற்றரிலும் கண்ணுக்குப் பிடிபடும். அது மேலே போவதற்கென்றே செய்த சாமான். மோட்டரை ஒரு பதினைந்து இருபது செக்கன் ஓட்டி எழுபது எண்பது மீற்றருக்கு ஏற்றி, மோட்டரை நிறுத்தி, அப்புறம் சூடான காற்று எழும்பும் இடத்தைத் தேடுவதுதான் முழு விளையாட்டும். பிராந்து சிறகை அடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் அதற்குக் கீழே போய்ச் சேர்ந்துகொள்ளலாம், இதைவிட நல்ல கருவி ஒன்றும் கடையில் இல்லை. பிரச்சினை என்னவென்றால் நல்ல வெப்பக் காற்று ஒன்று செக்கனுக்கு இரண்டு மீற்றர் தூக்கும். 80 மீற்றரில் அதைப் பிடித்தீர்கள் என்றால் இருபது செக்கனில் 120. அதாவது பிடித்து, வட்டத்தைச் சரிசெய்து, நடுவைக் கண்டுபிடித்து, மூன்றாவது வட்டம் போடும்போது விளையாட்டு முடிந்தது, வெளியே வர வேண்டும். 400 அடி எல்லை கடிப்பது இந்த இடத்தில்.

வெளியே வருவது என்பதும் சும்மா வேலை இல்லை. நல்ல காற்றில் மாட்டிய கிளைடர் கீழே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். வெளி ஒன்றில் பின்னேரம் நின்ற ஒரு அண்ணையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: வேரியோ (ஏறுவதையும் இறங்குவதையும் சத்தத்தால் சொல்லும் கருவி) கீங் கீங் என்று கத்துகிறது, றிமோட் 100 என்றது, 110 என்றது, அவர் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேற்றர் குச்சியை மெல்ல முன்னுக்குத் தள்ளுகிறார், மூக்குக் கீழே போகிறது, வேகம் கூடுகிறது, ஆனால் சுற்றியிருக்கிற காற்று முழுக்க ஏறுவதால் உயரம் குறையவில்லை, இன்னும் தள்ளுகிறார், சிறகு நுனி படபடவென்று நடுங்கத் தொடங்கிவிட்டது. உடனே விட்டுவிட்டார். அவர் பிறகு செய்ததுதான் சரியான வழி, மூக்கைக் குத்தாமல் நேராகக் காற்றுக்கு எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டுபோய் அந்த எழும்பும் காற்றை விட்டே வெளியேறினார். சிறகின் பின் விளிம்பில் ஃபிளாப் என்ற மடியும் தகடு உள்ள கிளைடர் என்றால் ஃபிளாப்பைக் கீழேயும் நுனிப் பக்கத் தகடான ஏலரோனை மேலேயும் தூக்கி வைத்துப் பாரம் விழுகிற மாதிரி இறக்கலாம். றடரும் (பக்கம் திருப்பும் வால் தகடு) எலிவேற்றரும் மட்டும் உள்ள போம் கிளைடரில் அந்த வசதி கிடையாது, ஸ்பின் போட்டு இறக்குவார்கள் சிலர். எல்லையைக் காப்பாற்றுகிறேன் என்று 130 மீற்றரிலிருந்து செங்குத்தாகக் குத்தினால் சிறகு கழன்று ஒரு கிலோ சாமான் எங்கேயோ விழும். ஆகவே எல்லையில் இறக்கத் தொடங்கக்கூடாது, 90, 100ல் தொடங்க வேண்டும். சட்டத்தில் 120 என்றால் உங்களுக்கு நடைமுறையில் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்காரரின் பாடு இன்னும் மோசம். எஃப்5ஜே என்று ஒரு கிளைடர் வகுப்பு இருக்கிறது, மோட்டர் ஆகக்கூடியது 30 செக்கன் ஓடலாம், மோட்டர் நின்ற பிறகு பத்துச் செக்கனுக்குள் எட்டிய ஆகக்கூடிய உயரத்தை விமானத்தில் இருக்கும் சிறிய கருவி பதிந்துவைக்கும், அந்த உயரத்தில் 200 மீற்றர் வரைக்கும் மீற்றருக்கு அரைப் புள்ளி வெட்டு, 200க்கு மேலே மீற்றருக்கு மூன்று புள்ளி வெட்டு. விதியே 200 மீற்றரை ஒரு சாதாரண உயரமாக எடுத்துக்கொண்டு எழுதியது. கெட்டிக்காரர்கள் வெட்டுக்குப் பயந்து மிகத் தாழ்விலேயே மோட்டரை நிறுத்துவார்கள் என்பது உண்மை, ஆனால் அங்கிருந்து காற்றில் ஏறுவது 300, 400 மீற்றர். 120 என்று மூடிவிட்டால் அந்தப் போட்டியே இல்லை. எஃப்3ஏ என்கிற ஏரோபற்றிக்ஸ் வகுப்பும் அப்படித்தான். அதில் ஓட்டுபவனிலிருந்து 150 மீற்றர் தள்ளி, அடிவானத்திலிருந்து 60 பாகை வரைக்கும் உள்ள ஒரு சதுரத்துக்குள் வித்தை காட்ட வேண்டும். 150 மீற்றர் தூரத்தில் 60 பாகை என்பது 260 மீற்றர் உயரம், கணக்கில் கொஞ்சம் பிடிப்புள்ளவர்கள் போட்டுப் பார்க்கலாம். எல்லைக்குள் நிற்க வேண்டுமென்றால் அந்தச் சதுரத்தில் பாதிக்கு மேலே வெட்டி எறிய வேண்டும், அல்லது விமானத்தைக் கிட்டக் கொண்டுவர வேண்டும், கிட்டக் கொண்டுவருவது ஆட்களுக்கு ஆபத்து. ஜெற் விமானங்களைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்கவில்லை, இங்கே யாரும் அதை ஓட்டுவதாக நான் காணவில்லை.

மற்றப் பக்கம், கையால் சுழற்றி எறியும் சிறிய கிளைடர்கள், ஒன்றரை மீற்றர் சிறகு, சிறகு நுனியைப் பிடித்து உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றி எறிந்தால் 50, 60 மீற்றர் போகும், அங்கிருந்து மெல்ல இறங்கிக்கொண்டே காற்றோடு விளையாடுவது. அந்த வகைக்கு 400 அடி போதுமானது. இடமும் குறைவாகத்தான் வேண்டும். எங்களைப் போல் வெளி குறைந்த ஊருக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி, யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் மோட்டர்ச் சத்தம் வேண்டும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்றால், சங்கங்கள் சண்டை பிடித்து விலக்கு வாங்கின. பிரித்தானியாவில் 2018 ஜூலையில் 400 அடி எல்லை வந்த அதே நேரத்தில், சங்க உறுப்பினர்கள் 7 கிலோவுக்கு உட்பட்ட விமானத்தை அதற்கு மேலேயும் ஓட்டலாம், ட்ரோன் வகைகளுக்கு அது பொருந்தாது என்று விலக்குக் கொடுத்தார்கள். சிறகு வேறு விசிறி வேறு என்று ஒரு அரசாங்கம் எழுத்தில் ஒத்துக்கொண்டதை அங்கே பார்க்கலாம். ஐரோப்பிய விதியில் 10 கிலோவுக்குக் குறைந்த கிளைடருக்கு ஒரு அழகான ஏற்பாடு உண்டு: மலை விளிம்பில் நின்று எறிந்தால் கீழே பள்ளத்தாக்கு 500 மீற்றர் ஆழமாக இருந்தாலும் பரவாயில்லை, ஓட்டுபவன் நிற்கும் இடத்திலிருந்து 120 மீற்றருக்கு மேலே போகாவிட்டால் சரி. எழுதியவர் கிளைடர் தெரிந்த ஆள் என்று பார்த்தவுடனேயே விளங்கும். எங்களுக்கு அந்தச் சலுகை இருந்தாலும் பிரயோசனமில்லை, குடாநாட்டில் மலை எங்கே இருக்கிறது, மணற்காட்டு மணல் திட்டிதான் ஆக உயரமான சரிவு. யூடியூப்பில் உங்களுக்குப் புள்ளியாகத் தெரியும் கிளைடர்களில் பல இப்படி விலக்குள்ள சங்க மைதானங்களில் எடுத்தவை. சில சும்மா சட்டத்தை மீறுபவை. வீடியோவைப் பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது, ஆகவே அதை உதாரணமாக எடுக்காதீர்கள்.

இனி எங்கள் ஊர்.

இலங்கையில் ட்ரோனும் ஆர்சி விமானமும் ஆள் இல்லாமல் பறக்கும் சாமான் என்ற ஒரே கூடைக்குள் தான் கிடக்கின்றன, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை நிறையைப் பார்த்துப் பிரிக்கிறது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க இவற்றைப் பறக்கவிடுவதை ஒரேயடியாக நிறுத்தினார்கள், அப்போது றிஜிபோமில் வெட்டிச் செய்த 300 கிராம் விமானமும் படம் பிடிக்கும் பெரிய ட்ரோனும் ஒரே தடைக்குள் வந்தன. இப்போது அனுமதி எடுத்துத்தான் பறக்கவிடலாம். ஆகவே இங்கே உங்களுக்கு எல்லை யூடியூப்பில் சொல்லும் 400 இல்லை. உங்கள் அனுமதிக் கடிதத்தில் எந்த இடம், எந்த நேரம், எத்தனை அடி என்று இருக்கிறதோ அதுதான் எல்லை, அது 400க்குக் குறைவாக இருந்தால் குறைவுதான். மாமா சாமானை அனுப்புவதற்கு முன்னமே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். றிமோட் என்பது ரேடியோ கருவி என்பதால் சுங்கத்தில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கடிதத்தையும் கேட்பார்கள். பெட்டி கட்டுநாயக்காவில் கிடந்து தூசி பிடித்த பிறகு ஓடித்திரிந்து பயனில்லை.

பலாலி இருக்கிறதே, அதுதான் பெரிய விஷயம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் வந்தது, இடையில் நின்று 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கியது, இப்போது இண்டிகோவும் வருகிறது, எல்லாம் ஏரிஆர் 72 என்ற விசிறி வைத்த பயணிகள் விமானம். யாழ்ப்பாண நகரத்திலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான். கோண்டாவில் அதைவிடக் கிட்ட. இந்திய விதியில் விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீற்றருக்குள் 200 அடிக்கு மேலே போக அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் நாட்டு விதி அது இல்லை, ஆனால் அந்த அளவுகோலை எடுத்துக் குடாநாட்டு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள், வலிகாமத்தின் பெரும்பகுதியும் வடமராட்சியில் ஒரு துண்டும் உள்ளே வந்துவிடும். இப்படிச் சின்ன நிலத்தில் விமான நிலையம் இருக்கும்போது 400 என்ற எண்ணை எல்லா இடத்துக்கும் பொதுவாக எடுக்க முடியாது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பயணிகள் விமானம் சாதாரணமாக 3 பாகைச் சரிவில் இறங்கும். அப்படியென்றால் சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து 5 கிலோமீற்றர் தள்ளி அது ஏறத்தாழ 860 அடியில் இருக்கும், 2.3 கிலோமீற்றரில் 400 அடி. பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடப்பதால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் தெல்லிப்பழை மல்லாகம் பக்கத்து ஊர்மனை. காகிதத்தில் பார்த்தால் 5 கிலோமீற்றரில் உங்களுக்கும் அதற்கும் இடையில் 460 அடி இருக்கிறது, ஆனால் விமானி எப்போதும் அந்தக் கோட்டில்தான் வருவார் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஹெலியை யோசித்தால் இந்தக் கணக்கே உடையும். விமானப்படை, கடற்படை ஹெலிகள் கரையோரமாகத் தாழ்வாகவே போகும், 500 அடிக்குக் கீழேயும் வரும். சத்தம் கேட்ட அந்த நிமிடமே, எங்கே என்று தேடாமல், விமானத்தைப் பனை உயரத்துக்கு இறக்கிவிட வேண்டும். எங்கள் எல்லை 400தானே என்று நிற்பவனோடு நான் வெளிக்கு வரமாட்டேன்.

பட்டத்தையும் மறக்கக்கூடாது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடப்பது உலகத்துக்கே தெரியும், ஆனால் வாடைக்காற்று விழுந்ததிலிருந்து மாசி வரைக்கும் வெளி வெளியாக விண் கட்டிய பட்டம் கூவிக்கொண்டிருக்கும், சில இரவு முழுக்க நிற்கும். பட்டம் கண்ணுக்குத் தெரியும், நூல் தெரியாது. பட்டம் உங்களுக்கு வெகு தூரத்தில் நிற்கும், அதன் நூல் சரிவாக உங்கள் 60 மீற்றர், 80 மீற்றர் உயரத்துக்குக் குறுக்கே வந்து பக்கத்துக் காணியில் கட்டியிருக்கும். பெரிய பட்டத்து நைலோன் கயிறு போம் சிறகை வெட்டிக்கொண்டு போகும், பட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் காலத்தில் ஓட்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், காற்றும் கிளைடருக்கு ஏற்ற காற்று இல்லை.

உயரம் கூடக் கூட விழுகிற இடமும் விரியும், இதை யாரும் பேசுவதில்லை. சிக்னல் போய் மோட்டர் நின்ற கிளைடர், ஒரு மீற்றர் இறங்கப் பத்து மீற்றர் முன்னுக்குப் போகும் வகை என்று வைத்தால், 120 மீற்றரிலிருந்து காற்றே இல்லாமல் 1.2 கிலோமீற்றர். சோழகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் நாளில் காற்றோடு போனால் அதைவிட எவ்வளவோ கூட. வேறு ஊரில் யாரோ ஒருவரின் தோட்டத்தில் போய்க் கும்பிட்டு எடுத்துவரலாம். எங்கள் ஊரில் அது கடல்நீரேரியில் விழலாம், இராணுவக் காணி வேலிக்குள் விழலாம். முகமாலைப் பக்கம் இன்னும் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருக்கும் காணிகள் உண்டு, சிவப்புப் பலகை போட்டிருக்கும் இடத்துக்குள் விழுந்தால் அது போனது போனதுதான், கால் வைக்காதீர்கள், எவ்வளவு விலையாக இருந்தாலும். அதனால் ஃபெயில்சேஃபை, அதாவது சிக்னல் போனால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்று முன்னமே வைக்கும் செற்றிங்கை, மோட்டர் நிறுத்தியதோடு விடாமல் றடரையும் கொஞ்சம் ஒரு பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள், சிக்னல் போனால் சுற்றிச் சுற்றி அந்த இடத்திலேயே இறங்கும்.

மேலே ஒரு சத்தம் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கள் ஆட்களுக்கு வருவது வேறு ஞாபகம். யுத்த காலத்தில் வேவு விமானத்தை வண்டு என்று சொல்லி நடுங்கிய சனம் இது. முற்றத்தில் நெல் காயப்போட்ட ஒரு ஆச்சி வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறா என்றால் நீங்கள் 200 அடியில் நிற்கிறீர்களா 400ல் நிற்கிறீர்களா என்பது அவவுக்கு ஒன்றுதான். பக்கத்து வீடுகளுக்கு முதலே போய்ச் சொல்லுங்கள், விமானத்தைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் உங்களோடு நின்றால் பிரச்சினை பாதி முடியும்.

உயரத்தை அளப்பது பற்றி. கண்ணை நம்பாதீர்கள், 120 மீற்றரைக் கண்ணால் மதிக்கக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. வேரியோ வைத்த ரிசீவர் ஒன்று, அல்லது காற்றழுத்தத்தைப் பார்க்கும் சிறிய சென்சர் ஒன்று கட்டாயம். அது அளப்பது அழுத்தத்தை, உயரத்தை இல்லை: கடல் மட்டத்துக்குக் கிட்ட ஒரு மில்லிபார் குறைந்தால் அது 8 மீற்றர் ஏறியதாக நினைக்கும். எங்கள் வெப்ப வலயத்தில் காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில் மழை புயல் ஒன்றும் இல்லாமலே அழுத்தம் மூன்று மில்லிபார் அளவுக்கு இறங்கும். ஆகவே காலையில் தரையில் பூச்சியம் வைத்த சென்சர் பின்னேரம் அதே தரையில் 25 மீற்றர் என்று காட்டும். பற்றரி மாற்றும்போதெல்லாம் திரும்பத் தரையில் வைத்துப் பூச்சியம் ஆக்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஒரு பறப்பு பத்துப் பதினைந்து நிமிடம்தானே. சென்சருக்கு மேலே சிறு துண்டுப் பஞ்சு ஒட்டிவிடுங்கள், உடம்புக்குள் புகும் காற்று நேராக அடித்தால் வேகம் கூடும்போதெல்லாம் உயரம் குதிக்கும். குடாநாடு சப்பை நிலம் என்பதால் தரையிலிருந்தா கடல் மட்டத்திலிருந்தா என்ற குழப்பம் எங்களுக்கு இல்லை, நுவரெலியாவில் ஓட்டுபவன்தான் அதை யோசிக்க வேண்டும்.

றிமோட்டில் அலகைப் பாருங்கள். சென்சர் மீற்றரில் அனுப்பிக்கொண்டிருக்க, அலாரத்தில் 400 என்று போட்டு வைத்தால் அது 1312 அடியில்தான் வாய் திறக்கும். மீற்றரிலேயே வைத்து 80ல் ஒரு தடவை, 100ல் விடாமல் சொல்லும்படி வையுங்கள், குரலில் சொல்ல வைக்க வேண்டும், திரையைக் குனிந்து பார்த்தால் விமானம் தொலைந்துவிடும். ஆர்டுபைலட் மாதிரித் தானாக ஓட்டும் கட்டுப்பாட்டுப் பலகை போட்டால் உயர எல்லையை வேலியாகவே போட்டுவிடலாம், எல்லை தாண்டினால் தானாகத் திரும்பி வரும். ஆனால் கிளைடருக்கு அதைப் போடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. வெப்பக் காற்றுக்குள் நிற்கும்போது அது எப்படி இறக்குமென்று நீங்கள் முன்னமே பார்த்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் கிளைடருக்கு வருவோம். கோண்டாவிலில் வீட்டுப் பக்கம் ஓட்டுவதை மறந்துவிடுங்கள், மரமும் வயரும் பலாலியும். வல்லை வெளி ஆசை காட்டும், பரந்த வெளி, நல்ல காற்று, ஆனால் அதுவும் பலாலிக்குப் பத்துக் கிலோமீற்றருக்குள்தான் வரும். நானென்றால் மணற்காட்டுப் பக்கத்தைக் குறித்து அனுமதிக்கு எழுதுவேன், பலாலியிலிருந்து கிழக்கே இருபது கிலோமீற்றருக்கு மேலே விலகியிருக்கிறது, ஒரு பக்கம் கடல், சனம் குறைவு. கடல் பக்கம் காற்றோடு போகவிடாமல் கரைக்கு உள்ளேயே சுற்ற வேண்டும். கடிதத்தில் கிளைடர் என்று எழுதுங்கள், சிறகு எத்தனை மீற்றர், நிறை எத்தனை கிராம், கமரா இல்லை, உயரம் பதியும் கருவி இருக்கிறது என்று வடிவாக எழுதி ஒரு படமும் வையுங்கள். கமரா இல்லை என்ற வரி நீங்கள் நினைப்பதை விடக் கன வேலை செய்யும். சித்திரைக்கு முன்னம், பங்குனியில், வாடை ஓய்ந்து சோழகம் தொடங்காத கிழமைகளில் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் போங்கள். காற்று மெல்லியதாக, வெப்பம் எழும்பத் தொடங்கும் நேரம் அது, 120க்குள் கிளைடரை வைத்திருக்க ஆகச் சுகமான நேரமும் அதுதான்.